நான் முடித்த கதையை நீ தொடர்ந்தபோது

நிறைமதி,

இந்த மடலை உறையிலிட்டு உன் கைக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் இதழில் அச்சிடக் கொடுக்கிறேன். ஏனென்றால், உனக்கு நான் செய்த பிழையை நாலு சுவருக்குள் செய்யவில்லை. புத்தளத்து அரங்கில், உன் படக்கதையின் வெளியீட்டு விழாவில், இருக்கைகள் போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்ற கூட்டத்தின் முன்னால், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். அவையறியச் செய்த பிழையை அடுக்களையில் நின்று திருத்துவது கோழையின் வேலை. அன்று கைதட்டியவர்கள் இதையும் வாசிக்கட்டும். நீ கொழும்பில் இருந்து வாசிப்பாய், அவர்கள் இங்கிருந்து வாசிப்பார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே சொற்கள் போய்ச் சேரட்டும்.

விழா முடிந்த பின் நீ எழுதிய நான்கு வரிகள் என் முன்னால் கிடக்கின்றன. இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருக்கிறது என்கிறாய். கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் எனக்கு ஒவ்வாவிட்டால் அவற்றை எடுத்துவிடுவதாகவும், மூலக்கதை என்னுடையது என்பதால் முடிவு சொல்ல வேண்டியவன் நானே என்றும், இந்தத் திங்கள் முடிவதற்குள் ஒற்றைச் சொல்லில் விடை தந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு சொல் போதுமான இடங்களில் எல்லாம் ஓராயிரம் சொல் கொட்டியே வாழ்ந்தவன் நான். இந்த முறையும் நீளமாகத்தான் பேசப்போகிறேன். ஆனால் இந்த முறை நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் என் மேலேயே விழும்.

நம் நூல் வெளியீட்டு மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் இருப்பவர் எவரும் அதை வெளியே சொல்வதில்லை. ஆய்வுரை ஆற்ற வருகிறவர் நூலை வாசித்திருக்க மாட்டார். அணிந்துரையைப் பார்ப்பார், உள்ளடக்கத்தின் மேல் விரலை ஓட்டுவார், நடுவே ஓரிடத்தைத் திறந்து ஒரு வரியைப் பொறுக்கிக்கொள்வார், மிச்சத்தை நா பார்த்துக்கொள்ளும். முப்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். பாட்டு நூலோ, மருத்துவ நூலோ, கோயில் குடமுழுக்கு மலரோ, எதுவானாலும் பேருந்தில் வரும் நேரம் எனக்குப் போதும். என் சொற்பொழிவு முடிந்ததும் நூலாசிரியர்கள் கண்கலங்க வந்து என் கையைப் பற்றிக்கொள்வார்கள். தங்கள் நூலை இவ்வளவு ஆழமாக எவரும் வாசித்ததில்லை என்பார்கள். நான் தலையசைத்து அதை ஏற்றுக்கொள்வேன். உன் நூலையும் அவ்வாறே கையாண்டேன். இரண்டு திங்களுக்கு முன்பே நீ அனுப்பியிருந்தாய். உறையைப் பிரித்தேன். கட்டம் கட்டமாகப் படங்கள், வாயருகே வெண்குமிழிகள், குமிழிகளுக்குள் தெருப்பேச்சு. பத்துப் பக்கம் புரட்டினேன். என் கதையின் உரைநடையை நீ சுருக்கி வரைந்திருந்த பகுதி அது. அதற்கு அப்பால் போகாமல், முடிவில் நீ கதையை நீட்டியிருக்கிறாய் என்பதை அணிந்துரையில் மட்டும் பார்த்துக்கொண்டு, மூடி வைத்துவிட்டேன்.

மூடி வைத்த அந்த நூலைப் பற்றித்தான் ஒரு மணிநேரம் முழங்கினேன். தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவது கல்லில் நீர் எடுப்பது போன்ற வேலை என்றும், அந்தக் கடும் உழைப்பால் நான் கட்டிய சொல்மாளிகைக்கு என் மகளே சுண்ணாம்பால் மீசை வரைந்துவிட்டாள் என்றும் சொன்னேன். சிரிப்பொலி எழுந்தது. எழுந்த சிரிப்பை விடக் கூடாது என்பது மேடைப் பழக்கம். முடிந்த கதைக்கு வால் ஒட்டுவது எதற்கு, குமிழிக்குள் அடைத்த சொல்லுக்கு மூச்சு எப்படி வரும், ஏழு மறவர்கள் நிமிர்ந்து போன இடத்தில் பொம்மைகளுக்கு என்ன வேலை என்று அடுக்கினேன். முன்வரிசையில் உன் அம்மா நூலை மடியில் விரித்து வைத்திருந்தாள். ஒருமுறையும் தலையை உயர்த்தவில்லை. பிறகு உன்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். நீ ஒலிவாங்கியின் உயரத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. "அப்பா கடைசிப் பக்கங்களை இன்னும் பாக்கேல்லை. பாத்த பிறகு கதைப்பார்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாய். அதையும் நகைச்சுவை என்று எண்ணி அரங்கு சிரித்தது. சிரிக்காதவர்கள் மூவர்: நீ, உன் அம்மா, உன் நூலை அச்சடித்த சலீம்.

இதை வாசிக்கும் பிறருக்காக என் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். மண்ணுலகு வாழ முடியாததாகிவிட, எஞ்சிய மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கலம் வேறொரு கோளை நாடிப் போகிறது. கலத்தைச் செலுத்துவோனுக்கு மீகாமன் என்ற பழம்பெயரைச் சூட்டினேன். இடைவழியில் விண்கல் மோதிக் கலத்தின் புறச்சுவர் வெடிக்கிறது. உள்ளிருக்கும் காற்று ஒழுகுகிறது. வெடிப்பை வெளியே நின்றுதான் அடைக்க முடியும். வெளியே போனவர்களுக்குப் பின்னால் கதவைப் பூட்டிவிட வேண்டும்; மீண்டும் திறந்தால் உள்ளே உள்ளவர்களுக்கு மூச்சில்லை. மீகாமன் மக்கள் முன்னால் பேசுகிறான். பதினொரு பக்கங்களுக்குப் பேசுகிறான். ஏழு இளையோர் எழுந்து நிற்கிறார்கள். "கதவு மூடியது. கலம் வாழ்ந்தது" என்ற இரு வரிகளோடு கதை முடிகிறது. அந்தப் பதினொரு பக்கங்களை மாணவர்கள் பேச்சுப் போட்டிக்கு நெட்டுருப் போட்டார்கள். நடுவராக அமர்ந்து, என் சொற்களை எனக்கே முழங்கிய பிள்ளைகளுக்கு நான் பரிசு கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பதினொரு பக்கங்கள் கற்பனை அல்ல. வன்னியில், நாம் குடியிருந்த ஊரின் பள்ளித் திடலில், போர் உச்சத்தில் இருந்த ஒரு மாலையில் நான் ஆற்றிய உரை அது. விண்கலத்தை மட்டும் பின்னால் சேர்த்துக்கொண்டேன். மண்ணுக்காக உயிர் தர இளையோர் எழ வேண்டும் என்று அன்று கேட்டேன். ஊரார் பிள்ளைகளைக் கேட்டேன். மூன்றாம் வரிசையில் உன் அண்ணன் எழிலன் இருந்தான். அவனுக்கு அப்போது பதினேழு அகவை. ஒரு கிழமை கழித்து, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு வாசலில் வந்து நின்றான். அவனோடு கதைக்க நான் வெளியே போகவில்லை. நாற்பது மாணவர் பார்த்திருக்க அவனை உள்ளே அழைத்தேன். "அப்பா, நான் போறன்," என்றான். "நீங்கள் எல்லாற்ற பிள்ளையளையும்தானே கேட்டனீங்கள்? நானும் ஆரோ ஒராளின்ர பிள்ளைதானே," என்று சிரித்தான். போகாதே என்ற ஒரு சொல் அப்போது என் வாயில் இருந்தது. ஆனால் நாற்பது மாணவர் இருந்தார்கள். முந்திய கிழமை அவர்களிடம் நான் கேட்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை. நான் அவன் தோளில் கையை வைத்து, வகுப்பைப் பார்த்துத் திரும்பி, வீரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் மெல்லத் தோளை விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

உன் அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. "நீங்கள் இயக்கத்திட்டைப் போய்க் கேட்டால் அவனை விடுவினம். உங்களுக்கு மறுக்கமாட்டினம்," என்றாள். உண்மைதான், மறுத்திருக்க மாட்டார்கள். ஊரார் பிள்ளைகளைக் கேட்டு வாங்கியவன் தன் பிள்ளையைத் திருப்பிக் கேட்பதோ என்று நான் அவளுக்கு அறம் உரைத்தேன். "வீட்டுக்குள்ளையும் உங்களுக்கு மைக் வேணுமோ?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். அந்த அறத்தை அறம் என்று பல ஆண்டுகள் நம்பினேன். இன்று அதன் பெயர் எனக்குத் தெரியும். ஊர் என்னைப் பற்றி என்ன சொல்லும் என்ற அச்சம் அது. என் பிள்ளையின் உயிரை விட என் பேச்சின் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. ஓராண்டு நிரம்புவதற்குள் அவன் இல்லை என்ற செய்தி வந்தது. உடல் வரவில்லை.

அதன் பின் நாம் மன்னார்க் கரையிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்ததும், புத்தளத்தில் எவரும் நமக்கு வீடு தராத நாளில் சலீம் தன் அச்சகத்தின் பின்னறையைத் திறந்துவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது ஒன்பது அகவை. சலீமும் வடக்கிலிருந்து வந்தவன்தான். ஆனால் நாம் வந்தது போல அவன் வரவில்லை. மன்னாரிலிருந்து அவனையும் மற்ற முஸ்லிம்களையும் ஒரு பையோடு போகும்படி இயக்கத்தார் சொன்னார்கள், அவர்கள் போனார்கள். அந்த நாள்களில் நான் வன்னி மேடைகளில் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவன். அவர்களைப் பற்றி ஒரு வரியும் பேசவில்லை. அவன் தந்த அறையில் படுத்து, அவன் தந்த மெய்ப்புத் திருத்தும் வேலையைச் செய்து, அவன் அச்சில் பழுதான தாள்களின் பின்பக்கத்தில்தான் அந்தக் கதையை எழுதினேன். கடைசிப் பகுதியை அச்சுக்குக் கோத்த அன்று அவன் கேட்டான்: "மாஸ்டர், வெளிய போன ஏழு பேருக்கும் பொறகு என்ன நடந்திச்சு?" கதை அத்தோடு முடிந்தது என்றேன். அவன் மையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கு முடிஞ்சிட்டுது," என்றான். அதே கேள்வியை, தாள்கட்டுகளின் மேல் படுத்திருந்து கரிக்கோலால் ஏழு சிறு உருவங்களைக் கிறுக்கிக்கொண்டிருந்த நீயும் கேட்டாய். கதையில் இல்லாததைக் கேட்காதே, பாடத்தைப் படி என்றேன். உன் படக்கதை அன்று தொடங்கியிருக்கிறது. அதை நான் இருபது ஆண்டு கழித்துத்தான் அறிகிறேன்.

விழா முடிந்து வீடு திரும்பிய பேருந்தில் உன் அம்மா சாளரத்தோரம் இருந்தாள். உப்பளங்கள் கடந்துபோயின, வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் உரை எப்படி என்று கேட்டேன். வழக்கமாக நான் கேட்பதுதான். வழக்கமாக அவள் விடை சொல்வதில்லை. அன்று சொன்னாள். "அவனை ரெண்டாந் தரமும் வெளியிலை விட்டுட்டு வந்திருக்கிறியள்." எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை.

மறுநாள் முற்பகல் சலீம் என்னை அச்சகத்துக்கு அழைத்தான். இப்போது அவனுக்கும் தாடி முழுதும் நரைத்துவிட்டது. உன் நூலின் ஒரு படியை என் முன்னால் வைத்தான். "மாஸ்டர், புள்ளட பொத்தகத்த முடிய வாசிக்காமலா அவ்வளவும் கதைச்சீங்க?" என்று கேட்டான். அவன் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் நான் சினந்து தப்பியிருப்பேன். "இருங்க. வாசிங்க. நான் தேத்தண்ணி சொல்றன்," என்று கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

வாசித்தேன், மகளே. என் கதையின் கடைசி வரியோடு உன் கதை தொடங்குகிறது. கதவு மூடுகிறது. பக்கம் முழுதும் கறுப்பு. கறுப்புக்குள் ஏழு தலைக்கவசங்களின் ஏழு சிறு விளக்குகள். அவர்கள் வெடிப்பை அடைத்து முடிக்கிறார்கள். அது இரண்டே பக்கம். அதன் பின்னர்தான் உன் கதை. வேலை முடிந்தவர்களுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. கலத்தின் புறச்சுவரில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், திடல் மதிலில் பெடியன்கள் இருப்பது போல. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எஞ்சிய மூச்சின் அளவு குறைந்துகொண்டு வருகிறது. நான் எழுதியிருந்தால் அவர்கள் இறுதி முழக்கம் செய்திருப்பார்கள். நீ அவர்களைக் கதைக்க விட்டிருக்கிறாய். ஒருவன் தன் மிதிவண்டியைத் தம்பி எடுத்திருப்பான், சங்கிலிக்கு எண்ணெய் விடமாட்டான் என்று கவலைப்படுகிறான். ஒருத்தி தனக்குக் கால் கடிக்கிறது, சொறியக் கவசத்துக்குள் கையை விட முடியவில்லை என்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். எல்லோரிலும் இளையவன் கேட்கிறான்: "உள்ளுக்கை இப்ப என்ன செய்வினம்?" கால் கடித்தவள் சொல்கிறாள்: "சாப்பிடுவினம்." "எங்களைப் பற்றிக் கதைப்பினமோ?" "கதைப்பினம், கதைப்பினம். மீகாமன் நல்லாய்க் கதைப்பார்." அந்த இளையவனின் இடப் புருவத்தில், எழிலன் மிதிவண்டியால் விழுந்து பெற்ற அதே தழும்பு இருக்கிறது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு விளக்கு. இளையவனின் விளக்கு கடைசி. அவன் எழுந்து போய்க் கதவின் மேல் கையுறையை வைக்கிறான். தட்டவில்லை. தட்டினால் உள்ளே உள்ளவர்கள் திறந்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறான். அதை நீ சொல்லால் எழுதவில்லை, அவன் விரல்கள் மடங்காமல் விரிந்திருப்பதைக் கொண்டு காட்டியிருக்கிறாய். குமிழிக்குள் அடைத்த சொல்லுக்கு மூச்சு எப்படி வரும் என்று கேட்டவன் நான். அந்தப் பக்கத்தில் மூச்சு எனக்குத்தான் வரவில்லை. இறுதிக் கட்டத்தில் கதவைக் குறுக்கே வெட்டியது போல இரு பக்கத்தையும் காட்டுகிறாய். வெளியே அணைந்த விளக்கு. உள்ளே மீகாமன், முழந்தாளில் நின்று, பூட்டின் மேல் கையை வைத்து, திறக்கப் போராடிக்கொண்டிருக்கிறான். அவன் முகம் என் முகம். சலீம் தேநீரோடு வந்து என் பின்னால் நின்றான். "அவள் உங்கள மன்னிச்சித்தான் கீறி இருக்கா மாஸ்டர். அதத்தான் நீங்க மேடையில ஏறிக் கிழிச்சீங்க," என்றான்.

ஆகவே இதோ என் விடை. அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு கோட்டையும் எடுக்காதே. அட்டையில் என் பெயர் சிறிதாகவும் உன் பெயர் பெரிதாகவும் இருக்கட்டும். நான் எழுதியது பாதிக் கதை. அதிலும் உயிர் தப்பிய பாதி. ஆனால் ஒரே ஒரு திருத்தம் கேட்க எண்ணினேன். அந்தப் பூட்டின் மேல் உள்ள கையை அழித்துவிடு என்று எழுதத்தான் இந்த மடலைத் தொடங்கினேன். ஏனென்றால் நீ அறியாத ஒன்றை நான் அறிவேன். எழிலனின் செய்தி எனக்கு வந்தது வீட்டில் அல்ல. அன்று மாலையும் அதே திடலில் பேசிக்கொண்டிருந்தேன். நடுவே ஒருவர் மேடையேறி ஒரு தாள் துண்டைக் கையில் தந்தார். வாசித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பேச்சை நிறுத்தவில்லை. இன்னும் அரைமணி நேரம் பேசினேன். அதுவும் போதாதென்று, என் மகனும் வீழ்ந்தான் என்பதை முடிவுரையாக வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கைதட்டலை நான் கேட்டதில்லை. அதை உங்கள் இருவரிடமும் மறைத்தேன். மேடையை விட்டு இறங்கும்போதுதான் செய்தி கிடைத்தது என்று வீட்டில் சொன்னேன்.

நேற்று, இந்த இடம் வரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "அந்தத் துண்டைக் குடுத்துவிட்டது நான்தான்," என்றாள். எனக்குக் கேட்டது சரியா என்று பார்த்தேன். "செய்தி முதல் வீட்டைதான் வந்தது. எனக்குக் கால் ஏலாமல் போட்டுது. துண்டிலை எழுதிக் குடுத்துவிட்டன். ஸ்பீக்கர் எங்கட வேலி வரைக்கும் கேக்கும். இந்தா நிப்பாட்டப் போறார், இந்தா நிப்பாட்டப் போறார் எண்டு வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." மீண்டும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "மதியும் பக்கத்திலை நிண்டவள்."

நீயும் நின்றாய். எட்டு அகவைப் பிள்ளையாக, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் குரல் நிற்கும் என்று நீயும் காத்து நின்றாய். அது நிற்கவில்லை என்பதும், கைதட்டல் எழுந்ததும் உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கையை வரைந்திருக்கிறாய். அறியாமையால் அல்ல, அன்று வேலியோரம் நின்று நீ எதை எதிர்பார்த்தாயோ அதை வரைந்திருக்கிறாய். அதை அழிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தக் கை என்னுடையதே அல்ல. உனக்கு வாய்க்காத ஒரு தந்தையின் கை அது.

அதை அப்படியே விடு. கட்டத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு வரி மட்டும் சேர்த்துவிடு. நூல் முழுவதிலும் நான் உனக்குத் தரும் ஒரே வரி அதுதான்.

இது நடக்கவில்லை.

அப்பா